ராகேலின் அழுகையும் கிறிஸ்து பிறப்புப் பாடல்களும்

டிசம்பர் மாதத்தில் நமது சபைகளிலிருந்து புறப்படும் கேரல் பவனி வீடுதோறும் நின்று பாடிச் செல்வது யாவரும் அறிந்த வழக்கம். அவ்வாண்டில் துக்கம் நேர்ந்த வீட்டை அணுகும்போது மட்டும் மேளம் நின்றுவிடும். பாடகர் குழுவினர் குரலைத் தாழ்த்திக்கொண்டு அவ்வாசலைக் கடந்து போவர். அவ்வீட்டில் நட்சத்திரம் கட்டப்பட்டிராது, பலகாரமும் செய்யப்பட்டிராது. துக்கத்திற்குரிய மரியாதையைக் கருதியே நாம் கடந்து செல்கிறோம் என்பது உண்மை. எனினும் வேறொரு காரணமும் உண்டு என்பதை நாம் ஒப்புக்கொள்ளுதல் தகும். அவ்வாசலில் நின்று பாடுவதற்கு நம்மிடம் பாட்டு இல்லை.

கிறிஸ்து பிறப்பின் காலத்தில் தனிமையையும் மனமுறிவையும் பாடும் பாடல்கள் உலகில் இல்லாமலில்லை. சிறப்பாக ஆங்கிலம் பேசும் மக்களிடையே அவை ஏராளம். அவற்றுள் சிலவற்றின் வரலாற்றை நாம் ஆராய்ந்தபோது ஒரு செய்தி மீண்டும் மீண்டும் எதிர்ப்பட்டது. ஒவ்வொரு பாட்டும் ஒரு மெய்யான துயரத்தில் பிறந்திருக்கிறது; ஒவ்வொன்றிலும் அத்துயரத்தின் காரணத்தைக் கூறும் பகுதி காலப்போக்கில் கத்தரிக்கப்பட்டிருக்கிறது. கத்தரித்தவர்கள் தீயவர் அல்லர், பெரும்பாலும் அன்புள்ளவர்களே. அதனால்தான் இது நம்மைப் போன்ற போதகர்களின் கவனத்திற்குரியதாகிறது.

திருமறையிலிருந்தே தொடங்குவோம். மத்தேயு எழுதின பிறப்பின் வரலாறு சாஸ்திரிகளின் காணிக்கைகளோடு முடிவதில்லை. ஏரோதின் வாளும் பெத்லகேமின் தாய்மாரும் இரண்டாம் அதிகாரத்தின் பிற்பகுதியில் வருகின்றனர். அங்கு மத்தேயு எரேமியா 31:15ஐ எடுத்தாளுகிறார். ஆறுதலை ஏற்க மறுக்கும் ராகேலோடு நிறுத்திக்கொள்கிறார். எரேமியாவிலோ அடுத்த வசனமே அழுகையை அடக்கச் சொல்லி, பிள்ளைகள் திரும்பி வருவர் என்று வாக்களிக்கிறது. அவ்வாக்கை மத்தேயு அறியாதவரல்லர். ஆயினும் அவ்விடத்தில் அதை எழுதவில்லை. மேற்கத்திய திருச்சபையும் ஐந்தாம் நூற்றாண்டின் இறுதி முதலாகவே மாசற்ற குழந்தைகளின் நாளைக் கிறிஸ்து பிறப்பின் அருகிலேயே வைத்து ஆசரித்து வந்தது. டிசம்பர் 28 அதற்குரிய நாளாயிற்று. நமது ஞாயிறு பள்ளி நாடகங்களில் ஏரோது மீசையை முறுக்கிச் சிரிப்பூட்டிவிட்டுப் போய்விடுகிறான். பிள்ளைகள் நடிக்கும் நாடகத்தில் வேறென்ன செய்ய இயலும் என்று கேட்கலாம்.

இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்தில் அவ்வாறு செய்யவில்லை. அந்நகரின் தொழிற்சங்கங்கள் ஆண்டுதோறும் திருமறை நாடகங்களை வீதிகளில் நடித்து வந்தன. பிறப்பின் நாடகம், கம்பளித் துணியின் மேல்மயிரைக் கத்தரித்துச் சீர்செய்வோரும் தையற்காரரும் சேர்ந்த சங்கத்திற்குரியது. அதன் உரையை 1534இல் ராபர்ட் குரூ என்பவர் திருத்தி எழுதினார். ஏரோதின் சேவகர் நுழைவதற்குச் சற்றுமுன் பெத்லகேமின் தாய்மார் தங்கள் குழந்தைகளை உறங்கவைக்கும் தாலாட்டு ஒன்று அந்நாடகத்தில் உண்டு. அதுவே இன்று கவென்ட்ரி கேரல் எனப்படுவது. இதன் இசை 1591ஆம் ஆண்டுக்குரிய வடிவில் நமக்குக் கிடைத்துள்ளது. மூலச் சுவடி 1879இல் பர்மிங்காம் நூலகத்தில் நேர்ந்த தீயில் அழிந்தது. தாமஸ் ஷார்ப் என்பார் அதற்கு முன்பே அதை அச்சிட்டிருந்தமையால் பாட்டு பிழைத்தது.

இந்நாடகம் நடிக்கப்பட்டது டிசம்பரில் அன்று. கோடையை ஒட்டி வரும் திருவுடற் பெருவிழாவின்போது. நாடகங்கள் 1579இல் நிறுத்தப்பட்டன. நாடகம் போனபின் பாட்டு மட்டும் தனித்து நின்று, பிற்காலத்தில் கிறிஸ்து பிறப்பின் பாட்டாகப் பாடகர் குழுக்களை வந்தடைந்தது. ஏரோதைக் குறிக்கும் அடிகள் அதில் இன்னும் உள்ளன. ஆனால் கேட்போருக்கு அது இனியதொரு தாலாட்டு. குழந்தை இயேசுவை மரியாள் தாலாட்டுவதாகவே பலர் எண்ணுகின்றனர். சேவகரின் காலடியோசை கேட்காத இடத்தில் அத்தாலாட்டின் பொருள் பாதி போய்விடுகிறது.

ஒருமுறை அப்பொருள் திரும்பி வந்தது. 14-11-1940 இரவில் செர்மானிய விமானங்கள் கவென்ட்ரியைக் குண்டுவீசி எரித்தன. 500க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பேராலயம் கூரையற்ற சுவர்களாய் நின்றது. அவ்வாண்டுக் கிறிஸ்து பிறப்பு நாளில் அந்த இடிபாட்டினின்று வானொலி ஒலிபரப்பு நடந்தது. பேராலயத் தலைமைக் குரு ரிச்சர்டு ஹோவர்டு பழிவாங்கும் எண்ணத்தை விலக்கிப் பேசினார். அங்கே இந்தப் பாட்டு பாடப்பட்டது. பிள்ளைகளை இழந்த நகரில் அதன் பொருளை எவரும் விளக்க வேண்டியிருந்திராது.

இனி, பத்தொன்பதாம் நூற்றாண்டிற்கு வருவோம். பழைய கிறிஸ்து பிறப்பு விழா ஊருக்கும் ஆலயத்திற்கும் உரியதாயிருந்தது. சார்லஸ் டிக்கன்ஸின் கதை வெளியான 1843ஐ ஒட்டிய காலத்தில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அது குடும்பத்தின் விழாவாக மாறிற்று: கணப்பு, மரம், பரிசு, மேசையைச் சுற்றிலும் பிள்ளைகள். இம்மாற்றத்தின் நன்மைகளை நாம் மறுக்கவில்லை. ஆனால் விழா வீட்டிற்குள் நுழைந்தபோது, வீடில்லாதவனும் மேசையில் ஓரிடம் வெறுமையாகிவிட்டவனும் விழாவிற்கு வெளியே நிறுத்தப்பட்டனர். கிறிஸ்மஸ் தனிமை என்று இன்று நாம் கூறும் அந்த நோயின் வேர் இங்கேதான் உள்ளது என்பது நமது கருத்து.

ஹென்றி வாட்ஸ்வொர்த் லாங்ஃபெலோ அவ்வாறு மேசையில் இடம் வெறுமையான ஒருவர். அமெரிக்காவெங்கும் புகழ்பெற்ற அக்கவிஞரின் மனைவி ஃபேனியின் ஆடையில் 9-7-1861 அன்று தீப்பற்றியது. மறுநாள் அவர் இறந்தார். தீயை அணைக்க முயன்ற கவிஞரும் புண்பட்டு, அடக்க ஆராதனைக்கும் செல்ல இயலாமற் கிடந்தார். நாம் படங்களில் காணும் அவரது நீண்ட தாடி அத்தழும்புகளை மறைக்க வளர்ந்ததே. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1863இல் மூத்த மகன் சார்லஸ் தந்தையின் அனுமதியின்றிப் படையில் சேர்ந்தான். நவம்பர் 27 அன்று வர்ஜீனியாவில் குண்டடிபட்டான். முதுகெலும்பு மயிரிழையில் தப்பியது. தந்தை வாஷிங்டனுக்குச் சென்று அவனை வீட்டிற்கு அழைத்து வந்தார். அவ்வாண்டு டிசம்பர் 25இல் எழுதப்பட்டதே "கிறிஸ்மஸ் பெல்ஸ்" என்னும் கவிதை.

அக்கவிதையில் மனைவியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மகனைப் பற்றியும் இல்லை. மணியோசையும் போரும் மட்டுமே உள்ளன. ஏழு பாதங்களுள் நான்காவதும் ஐந்தாவதும் தென்திசையின் பீரங்கிகளையும் அவற்றால் பாழான வீடுகளையும் குறிக்கின்றன. ஆறாவதில் கவிஞர் நம்பிக்கை இழந்து தலைகுனிகிறார். ஏழாவதில் மணிகள் அவருக்கு மறுமொழி கூறுகின்றன. 1865இல் அச்சேறிய இக்கவிதை, ஜான் பாப்டிஸ்ட் கால்கினின் இராகத்தோடு 1870களிலிருந்து பாட்டாகப் பரவிற்று. பாட்டுப் புத்தகங்களைத் தொகுத்தோர் பீரங்கிப் பாதங்கள் இரண்டையும் பெரும்பாலும் விட்டுவிட்டனர். ஒரு நாட்டின் ஒரு காலத்துப் போரை எல்லாச் சபைகளும் எப்போதும் பாட வேண்டுமா என்று அவர்கள் எண்ணியிருக்கலாம். அது நியாயமான கேள்வியே. ஆனால் விளைவைப் பாருங்கள். கவிஞர் தலைகுனிவதைச் சபை பாடுகிறது. ஏன் குனிந்தார் என்பது எவருக்கும் தெரிவதில்லை. மணிகளின் மறுமொழி எளிதாகக் கிடைத்த மறுமொழியாகிவிடுகிறது.

அதே நாட்டில், அதே காலத்தில், பாட்டுப் புத்தகங்களில் ஏறாத வேறொரு துயரம் இருந்தது. தென்மாநிலங்களில் அடிமைகள் வாடகைக்கு விடப்படுவதும் விற்கப்படுவதும் ஜனவரி முதல் நாளில் மிகுதி. கிறிஸ்து பிறப்பின் வாரமோ அவர்களுக்கு ஓய்வின் வாரம். ஆகவே அந்த ஒரு வாரம் ஒரே வேளையில் விழாவாகவும் பிரிவின் காத்திருப்பாகவும் இருந்தது. புத்தாண்டு நாளுக்கு "மனமுறிவின் நாள்" என்ற பெயரே வழங்கிற்று. அடிமைத்தனத்தினின்று தப்பிய ஹேரியட் ஜேக்கப்ஸ் என்னும் பெண்மணி 1861இல் வெளியிட்ட தம் வரலாற்றில், விடிந்தால் பிள்ளைகளை இழக்கக்கூடிய தாய் அவர்களைப் பார்த்துக்கொண்டே இரவெல்லாம் அமர்ந்திருப்பதைக் காட்டுகிறார். பெத்லகேமின் தாலாட்டு இதைவிடத் தெளிவாக எங்கும் நடிக்கப்பட்டிராது. அம்மக்களின் வழித்தோன்றல்கள் 1920களில் இசைத்தட்டுகளில் பாடத் தொடங்கியபோது, கிறிஸ்து பிறப்பின் முந்திய இரவில் தனித்திருப்பவனையும் (பிளைண்டு லெமன் ஜெஃபர்சன், 1928), அந்நாளில் சிறையில் கிடப்பவனையும் (லிராய் கார், 1929) பாடினர். அடிமைக்கால நினைவுக்கும் இப்பாட்டுகளுக்கும் நேர்க்கோடு இழுக்க நாம் துணியவில்லை. எனினும் திருச்சபை விட்டுவிட்ட பொருளை மதுக்கடைப் பாடகன் எடுத்துக்கொண்டான் என்பது மட்டும் தெளிவு.

இரண்டாம் உலகப் போரின்போது அப்பொருள் நாடு முழுவதற்கும் உரியதாயிற்று. இர்விங் பெர்லின் இயற்றிய "வொயிட் கிறிஸ்மஸ்" என்னும் பாட்டை பிங் கிராஸ்பி 1941இல் கிறிஸ்து பிறப்பு நாளன்று வானொலியில் பாடினார். 1942இல் திரைப்படத்தில் வந்தபின் கடல்கடந்து நின்ற போர்வீரரின் பாட்டாயிற்று. பெர்லின் யூதர். அவருடைய ஆண்குழந்தை மூன்று வார வயதில் இறந்தது 25-12-1928 அன்று. இப்பாட்டின் தொடக்கப் பகுதி பனியே விழாத லாஸ் ஏஞ்சல்ஸின் வெயிலில் நின்று ஏங்குபவனைக் காட்டியது. அப்பகுதி பின்னர் நீக்கப்பட்டது. ஏக்கம் எஞ்சியது, ஏங்குபவன் நிற்கும் இடம் மறைந்தது.

1944இல் வெளியான "மீட் மீ இன் செயின்ட் லூயிஸ்" திரைப்படத்திற்காக எழுதப்பட்ட பாட்டின் கதை இன்னும் தெளிவானது. ஊரை விட்டுப் போகவேண்டிய குடும்பம், அழும் சிறுமி, அவளைத் தேற்றும் தமக்கையாக ஜூடி கார்லண்ட். ஹியூ மார்ட்டின் முதலில் எழுதிய சொற்கள் மிகவும் இருண்டவை. அவற்றை அச்சிறுமியிடம் பாடினால் பார்ப்போர் தம்மைக் கொடியவளென்று எண்ணுவர் என்று கார்லண்ட் மறுத்தார். மார்ட்டின் மாற்றி எழுதினார். அம்மாற்றம் நன்றே என்பது நமது எண்ணம். ஏனெனில், எப்படியோ தட்டுத் தடுமாறி நாட்களைக் கடத்துவோம் என்ற கருத்து திருத்திய வடிவிலும் நின்றது. 1957இல் ஃபிராங்க் சினாட்ரா களிப்பான இசைத்தொகுப்பு ஒன்றிற்காக அதையும் மாற்றித் தரக் கேட்டார். தடுமாறிக் கடத்துதல் போய், மரத்தின் உச்சியில் நட்சத்திரம் கட்டுதல் வந்தது. முதல் மாற்றம் ஒரு குழந்தைக்காகச் செய்யப்பட்டது. இரண்டாவது யாருக்காக?

இவற்றோடு ஒப்பிட, 1948இல் இசைத்தட்டில் வந்து 1957இல் எல்விஸ் பிரெஸ்லியால் பெரும்புகழ் பெற்ற "ப்ளூ கிறிஸ்மஸ்" ஆழமற்ற பாட்டு. காதலி இல்லாத கிறிஸ்மஸின் முறையீடு, அவ்வளவே. ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் வட அமெரிக்கச் சபைகள் துக்கத்திலிருப்போருக்கென டிசம்பரில் தனி ஆராதனை நடத்தத் தொடங்கியபோது, அதற்குப் பெரும்பாலும் வழங்கிய பெயர் ப்ளூ கிறிஸ்மஸ் என்பதே. பெயருக்குக்கூட நடன அரங்கின் வாசலில் நிற்கவேண்டியதாயிற்று. மெழுகுவர்த்தி, நீண்ட மௌனம், புலம்பற் சங்கீதங்கள் ஆகியவை அவ்வாராதனையில் இடம்பெறும். ஆண்டின் நீண்ட இரவாகிய டிசம்பர் 21ஐப் பலர் தெரிந்துகொள்கின்றனர். பழைய பொது ஜெபப் புத்தகத்தில் அது பரிசுத்த தோமாவின் நாள். மற்றவர் எல்லாரும் ஆண்டவரைக் கண்டு மகிழ்ந்திருக்க, எட்டு நாள் அம்மகிழ்ச்சியில் சேர இயலாமல் அவர்கள் நடுவிலேயே இருந்தவர் அவர். சீடர்கள் அவரை வெளியே அனுப்பவில்லை. தோமாவைத் தன் முன்னோராகக் கருதும் இந்நாட்டுத் திருச்சபை இந்நாளை வேறு விதமாகவும் நினைக்கக்கூடும்.

26-12-2004 ஞாயிற்றுக்கிழமை. நாம் அப்போது கடலோரச் சபையொன்றில் பணியாற்றி வந்தோம். காலை ஆராதனை வேளையில் ஆழிப்பேரலை வந்தது. டிசம்பர் 28 அன்று நாம் அடக்கம் செய்தவர்களுள் பெரும்பாலோர் குழந்தைகள். அந்நாள் எந்நாள் என்பது ஆலயத்தில் தொங்கிய நாட்காட்டியில் அச்சிடப்பட்டிருந்தது. நாம் அதைக் கவனித்தது ஒரு வாரத்திற்குப் பின்னரே. பாட்டுப் புத்தகத்தில் கிறிஸ்து பிறப்பின் பகுதியைத் தள்ளிவிட்டு அடக்க ஆராதனைப் பகுதியைத் திறந்தோம். ஏழு வயது மகளைக் கிடத்தியிருந்த தாய் எம்மைத் தடுத்தாள்.

"ஐயா, பண்டிகைக்குப் படிச்சாங்களே, அந்தப் பாட்டைப் படிங்க. பிள்ளைக்கு அதுதான் தெரியும்."

பாடகர் குழுவில் எஞ்சியிருந்த நால்வரும் எம்மைப் பார்த்தனர். அதையே பாடினோம், மேளமின்றி, மிக மெதுவாக, ஒரு பாதமும் விடாமல்.