இறைச்சிக்கூடத் தொழிலாளரிடையே மாட்டுக் காசநோய்த் தடுப்பு

மாட்டுக் காசநோய் என்பது மைக்கோபாக்டீரியம் போவிஸ் என்னும் பாக்டீரியாவால் மாடுகளுக்கு உண்டாகும் நாட்பட்ட தொற்றுநோய் ஆகும். இது மனிதருக்கும் தொற்றும். காய்ச்சாத பால் வழியாக இது பரவுவது பலரும் அறிந்ததே. ஆனால் மாடுகளை அறுத்துத் தோலுரிக்கும் தொழிலாளரும் இறைச்சிப் பரிசோதகரும் இதனை மூச்சுக்காற்று வழியாகப் பெறக்கூடும். பாலைக் காய்ச்சுவது பால் குடிப்போரைக் காக்கும், இவர்களைக் காக்காது.

உலக சுகாதார அமைப்பின் மதிப்பீட்டின்படி 2019ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 1,40,000 பேர் புதிதாக இந்நோய்க்கு ஆளாயினர். சுமார் 11,400 பேர் இறந்தனர். சளியை நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனை இதனையும் வழக்கமான காசநோயையும் வேறுபடுத்திக் காட்டாது என்பதால், பலரது நோய் வழக்கமான காசநோய் என்றே பதிவாகிறது.

வரலாறு

மனிதக் காசநோய்க் கிருமியும் மாட்டுக் கிருமியும் வெவ்வேறானவை என்று 1898இல் தியோபால்டு ஸ்மித் காட்டினார். 1901இல் இலண்டன் மாநாட்டில், மாட்டுக் காசநோயால் மனிதருக்குப் பெரிய தீங்கில்லை என்று ராபர்ட் கோக் வாதிட்டார். இதனை ஆராயப் பிரித்தானிய அரசு அமைத்த ஆணையம், கோக்கின் கருத்து தவறு என 1911இல் முடிவு கூறியது.

தொற்றும் வழிகள்

நோயுற்ற மாடு பெரும்பாலும் நலமாகவே தோன்றும். தொண்டை, மார்புப் பகுதிகளின் நிணநீர்க் கணுக்களிலும் நுரையீரலிலும் சீழ்க்கட்டிகள் மறைந்திருக்கும். இவை வெட்டப்படும்போதும், எலும்பு அறுக்கப்படும்போதும், தரை விசைநீரால் கழுவப்படும்போதும் கிருமிகள் நுண்துளிகளாகக் காற்றில் கலக்கின்றன. நோயைக் கண்டறிவதற்காகவே பரிசோதகர் அக்கணுக்களைக் கீறிப் பார்க்க வேண்டியிருப்பது இத்தொழிலின் முரண் எனலாம். கத்திக் காயம் வழியாகக் கிருமி நுழைந்தால் கையில் மரு போன்ற தோல் காசநோய் உண்டாகும்.

தடுப்பு முறைகள்

நோயுற்ற மாட்டை முன்கூட்டியே அறிவதே சிறந்த தடுப்பாகும். மாட்டின் கழுத்துத் தோலிலோ வால் மடிப்பிலோ டியூபர்குலின் செலுத்தி, 72 மணி நேரம் கழித்து வீக்கம் பார்க்கப்படுகிறது. வீக்கம் கண்ட மாடுகளை அன்றைய வேலையின் இறுதியில் தனியாக அறுத்து, பின் கூடத்தைத் தூய்மைப்படுத்துவது நல்லது.

கூடத்தினுள் காற்றோட்டம் மிக முக்கியமானது. கட்டி தென்பட்டவுடன் மேலும் வெட்டாமல் அவ்வுறுப்பை முழுதாக அகற்ற வேண்டும். கத்திகளை 82 பாகை செல்சியசு வெந்நீரில் தூய்மை செய்வதும், காயங்களை மூடிக் கையுறை அணிவதும் தேவை. துணி முகமூடி நுண்துளிகளைப் போதிய அளவு தடுக்காது. என்95 வகைக் கவசமே ஏற்றது. எனினும் வெப்பமும் ஈரமும் மிகுந்த கூடத்தில் அதனை நாள் முழுதும் அணிவது கடினம். ஆகவே கவசத்தை மட்டும் நம்பியிருக்க இயலாது.

பி.சி.ஜி தடுப்பூசி இதே மாட்டுக் கிருமியை வலுவிழக்கச் செய்து 1908 முதல் 1921 வரையிலான முயற்சியில் உருவாக்கப்பட்டது. ஆயினும் தமிழ்நாட்டின் செங்கற்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கிய பெரும் ஆய்வில், வயது வந்தோரின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை எனத் தெரியவந்தது. எனவே தொழிலாளருக்குப் பணியில் சேரும்போதும் பின்னர் குறித்த காலங்களிலும் பரிசோதனை செய்வதே வழி. இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் இருப்பவர் மருத்துவரிடம் தம் தொழிலைக் கட்டாயம் கூற வேண்டும். ஏனெனில் காசநோய்க்கு முதலில் தரப்படும் நான்கு மருந்துகளுள் ஒன்றான பைரசினமைடு இக்கிருமியிடம் இயல்பாகவே பயனற்றது.

ஆஸ்திரேலியாவின் பட்டறிவு

ஆஸ்திரேலியா 1970இல் நாடு தழுவிய ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. மாடுகளின் வாலில் பண்ணையைக் குறிக்கும் அட்டை கட்டப்பட்டது. இறைச்சிக்கூடத்தில் கட்டி காணப்பட்டால், அட்டையைக் கொண்டு பண்ணையைக் கண்டறிந்து அங்குள்ள மந்தை முழுதும் சோதிக்கப்பட்டது. 1997 டிசம்பர் 31 அன்று அந்நாடு மாட்டுக் காசநோயற்றதாக அறிவிக்கப்பட்டது.

இந்தியாவில் பல மாநிலங்களில் பசுவதைத் தடைச் சட்டம் இருப்பதால், நோயுள்ள மாடுகளை அறுத்து ஒழிக்கும் இம்முறையை அப்படியே பின்பற்ற இயலாது. இங்கு கூடத்தினுள் செய்யும் தடுப்புக்கே கூடுதல் பங்கு உண்டு.

மாடுகளில் நோய் ஒழிந்த பின்னரும், ஆஸ்திரேலியாவில் முன்னாள் இறைச்சித் தொழிலாளர் சிலரிடம் இக்காசநோய் கண்டறியப்பட்டது. பணிக்காலத்தில் தொற்றிய கிருமி பல ஆண்டுகள் உடலில் உறங்கிக்கிடந்து முதுமையில் வெளிப்பட்டதே இதன் காரணம்.