ஜொகூர் ஆற்றுநீர்த் தரக் காப்பு விதிகள்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் ஆறுகளின் தூய்மை இரண்டு அரசுகளின் பொறுப்பில் உள்ளது. கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணைப்படி நிலமும் ஆறும் மாநிலத்துக்கு உரியவை. ஆற்றில் விடும் கழிவுக்கு வரம்பு விதிப்பது கூட்டரசின் சுற்றுச்சூழல் துறை. பத்து பகாட் மாவட்டத்து ஆயர் ஈத்தாம் வட்டாரத்தில் இப்பிரிவினையின் விளைவு நன்கு தெரிகிறது.

காலனிக் கால நீர்ச் சட்டங்கள் ஆற்றங்கரையையும் நீரைத் திருப்பும் உரிமையையுமே பெரிதும் கவனித்தன. ரப்பர் பாலை உறையவைத்த அமிலநீர் தோட்டத்து ஓடைகளில் கலந்துகொண்டிருந்தது. 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம், 25-ஆம் பிரிவில், உள்நாட்டு நீர்நிலைகளை மாசுபடுத்துவதைக் குற்றமாக்கியது.

இவ்வரலாற்றின் சிறந்த பகுதி அதன்பின் வந்தது. செம்பனை எண்ணெய் ஆலைக் கழிவின் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, அதாவது கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு வேண்டிய ஆக்சிஜன், லிட்டருக்கு ஏறத்தாழ 25,000 மில்லிகிராம். 1977-இன் விதிகள் இதை முதலில் 5,000 ஆகவும், படிப்படியாக 1984-க்குள் 100 ஆகவும் குறைக்கச் சொல்லின. உரிமக் கட்டணமும் மாசின் அளவோடு பிணைக்கப்பட்டது. ஆலைகள் அடுத்தடுத்துக் குட்டைகள் வெட்டிக் கழிவைச் சுத்திகரிக்கத் தொடங்கின. கெடுவும் கட்டணமும் சேர்ந்தால் பெருந்தொழிலையும் வழிக்குக் கொண்டுவர முடியும் என்பதற்கு இது உறுதியான சான்று. ரப்பர் ஆலைகளுக்கு 1978-இலும் பிற தொழிற்சாலைகளுக்கு 1979-இலும் விதிகள் வந்தன. பின்னவை 2009-இல் புதுப்பிக்கப்பட்டன.

ஆயினும் 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டு, ஆயிரக்கணக்கானோர் நச்சுப்புகையால் பாதிக்கப்பட்டனர். நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகள் மூடப்பட்டன. சுற்றுச்சூழல் தரச் சட்டத்துக்கான 2024-ஆம் ஆண்டின் திருத்தம் உச்ச அபராதத்தை 1 கோடி ரிங்கிட்டாக உயர்த்தியது.

ஆயர் ஈத்தாமை அடுத்த செம்புரோங் நீர்த்தேக்கத்தின் தொல்லை வேறு வகை. வெள்ளத் தடுப்புக்கும் குடிநீருக்கும் பயன்படும் இதைச் சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். மழை அடித்துவரும் உரச்சத்தால் பாசி பெருகுகிறது. உரத்தின் பாஸ்பரஸ், ஆறு அளவைகள் கொண்ட தேசிய நீர்த்தரக் குறியீட்டில் இடம்பெறவில்லை. அதே குறியீடு அமிலத்தன்மையைக் கணக்கில் எடுப்பதால், சதுப்பு மண்ணில் ஊறி இயல்பாகவே அமிலமேறிய ஓடைக்கு மதிப்பெண் குறைகிறது.

பரந்த நிலத்திலிருந்து வழியும் மாசை ஆலை உரிமத்தால் தடுக்க இயலாது. அதற்கு நிலத்தை ஆளும் மாநிலமே முன்வர வேண்டும். எடுத்துக்காட்டாக, சிலாங்கூர் மாநிலம் 1999-இல் தனிச் சட்டமியற்றி, நீர்வள மேலாண்மை வாரியம் நிறுவி, நீர்ப்பிடிப்புப் பகுதிகளைப் பாதுகாக்கப்பட்டவையாக அறிவிக்கும் அதிகாரத்தைப் பெற்றது.