தோட்டத்திலே தொழில் பயின்ற வரலாறு

தொழிலாளருக்கு வேலையிடத்திலேயே பயிற்சி அளித்தல் என்றவுடன் கரும்பலகையும் பாடப்புத்தகமும் சான்றிதழுமே நம் மனக்கண் முன் தோன்றுகின்றன. இவை எவையும் இல்லாமலே, ஒரு நாட்டின் ஏற்றுமதிச் செல்வத்தை ஆக்கிக் கொடுத்த பயிற்சி முறையொன்று நம் மலைநாட்டில் நூற்றாண்டுக்கு மேலாக நடந்து வந்திருக்கிறது. மாத்தளைப் பகுதியை நிலைக்களனாகக் கொண்டு அதனைச் சிறிது ஆராய்வோம்.

மாத்தளையைத் தேர்ந்து கொள்வதற்குக் காரணம் உண்டு. மன்னார்க் கரையில் இறங்கி, வட பாதை வழியே காடுகளையும் தம்புள்ளையையும் கடந்து கால்நடையாக வந்த தென்னிந்தியத் தொழிலாளர் முதன்முதலாக ஏறிய மலைச்சாரல் இதுவே. வழியில் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் இரையானவர் பலர். எஞ்சியவர் கோப்பித் தோட்டங்களை அடைந்தனர். நெல்லையும் கம்பையும் சோளத்தையும் அறிந்திருந்த அக் குடியானவர்கள் கோப்பியை அறியார். பழுத்ததைப் பறித்துப் பச்சைக் காயைக் கிளையிலேயே விடுவதையும், அடுத்த ஆண்டுக் காய்ப்புக்கு இடமாகிய கிளையை ஒடிக்காது காப்பதையும் மரத்தடியிலே நின்றுதான் கற்றனர்.

கற்ற வித்தை நிலைக்கவில்லை. 1869-ஆம் ஆண்டில் காணப்பட்ட இலைத்துரு நோய், இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் தொழிலை வீழ்த்திவிட்டது. கோப்பி மூட்டைகளை நம்பி மாத்தளைக்குப் புகையிரதப் பாதை வந்து சேர்ந்த 1880-ஆம் ஆண்டில், அந்தக் கோப்பியே அழிந்து கொண்டிருந்தது என்பது வரலாற்றின் குறும்பு போலும். பின்னர் அம் மலைகளில் தேயிலையும் கொக்கோவும் ஏறின. தொடர்ந்து றப்பரும் வந்தது. இரண்டு தலைமுறைக்குள் நான்கு பயிர்கள்! ஒவ்வொன்றும் வேறொரு கைப்பழக்கத்தை வேண்டி நின்றது.

தேயிலையை எடுத்துக் கொள்வோம். இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்று கூறிவிடுதல் எளிது. கொழுந்தை நகத்தால் கிள்ளாது, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே மடக்கி ஒடிக்க வேண்டும். பறித்ததைக் கைப்பிடிக்குள் நெடுநேரம் இறுக்கி வைத்தால் கசங்கிச் சூடேறும். அதனால் தேயிலையின் தரம் கெடும். செடியின் மேல்மட்டம் மேசைபோல் சமமாக இருக்க வேண்டும். அதற்கென மட்டக்கம்பை மேலே வைத்துப் பார்ப்பர். இரு கைகளும் தனித்தனியே ஓட, கண் அடுத்த செடிக்குச் சென்றுவிட வேண்டும். இத்தனையையும் கற்பித்தவள் பெரும்பாலும் தாய். இல்லையேல் மாமி அல்லது மூத்த மதினி. சிறுமி தாயின் நிரையிலேயே நின்று, தாயின் கூடையிலேயே தன் பிடியையும் போடுவாள். தவறான இலை விழுந்தால் அது உடனே எடுத்தெறியப்படும். கூடையை நிறுக்கும் இடத்தில் கணக்கப்பிள்ளை முற்றல் இலையைக் கண்டு நிறையில் கழித்துவிட்டால், குறைந்த காசு குடும்பத்துக்குரியது. ஆகவே ஆசிரியையின் கண்டிப்பில் அன்புடன் அச்சமும் கலந்திருந்தது.

கவ்வாத்து வெட்டுதல் ஆண்களின் தொழிலாயிற்று. மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை செடியை வெட்டுகையில், வெட்டுவாயில் நீர் தங்காதபடி சாய்வாக ஒரே வீச்சில் வெட்ட வேண்டும். பிளந்துவிட்டால் கிளை அழுகும். குற்றம் உடனே தெரியாது. மாதங்கள் கழிந்த பின்னரே தளிர் வராமை காட்டிக் கொடுக்கும்.

றப்பர் மரத்திலோ கத்தி செல்லும் ஆழமே கல்வி. சிங்கப்பூர்ப் பூங்காவில் ரிட்லி என்பார் 1890-களில் நடத்திய சோதனைகளினால், மரத்தை அழிக்காமல் பட்டையை மெல்லியதாகச் சீவிப் பாலெடுக்கும் முறை நிலைபெற்றது. ஆழம் குறைந்தால் பால் வடியாது. மிகுந்தால் உள்மரம் காயப்பட்டு, வளரும் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாகிப் பின்னர் வெட்டுக்கு உதவாது. இந்த மயிரிழை வேறுபாட்டை எந்த நூல் சொல்லிக் கொடுக்கும்? வெட்டி அகற்றவிருந்த கிழ மரங்களில் முதலிற் பழகிக் கொண்டே இளைஞர் பால்வெட்டுக்குச் சென்றனர். கொக்கோவிலும் இத்தகைய நுட்பம் உண்டு. காயை அறுக்கையில் அடிமரத்தில் பூ மலரும் இடத்தைக் காயப்படுத்தலாகாது. படுத்தினால் அவ்விடத்தில் மறுபடி காய் இல்லை.

கங்காணி கற்பித்தார் என்று சிலர் எழுதுவர். ஓரளவு உண்மைதான். சில்லறைக் கங்காணி தம் உறவினரோடு ஒன்றாக வந்தவர். பக்கத்தில் நின்று திருத்தியவர். பெரிய கங்காணியோ வேலைக்கு வந்த ஆளுக்கு இவ்வளவு எனத் தலைக்காசு பெற்றவர். பெரட்டுக்களத்தில் எத்தனை தலைகள் நின்றன என்பதே அவர் கவலை. அத் தலைகளுக்குரிய கைகளின் திறமை அவருக்கு இரண்டாவதே.

அதே தோட்டத்தில் வேறொரு மாணவரும் இருந்தார். இங்கிலாந்திலிருந்து வந்த இளைஞர், பெரிய துரையிடம் பணம் கட்டித் தொழில் பயின்று சின்னத்துரை ஆவது வழக்கம். தொழிலாளரோடு பேசத் தமிழ் கற்பதும் அப் பயிற்சியின் ஓர் உறுப்பு. அதற்கெனக் கையேடுகளும் எழுந்தன. 1915-ல் வெளிவந்த வெல்ஸ் என்பவரின் ‘கூலித் தமிழ்’ அவற்றுள் ஒன்று. துரைமகன் மலையில் நடந்து கற்றது பயிற்சி எனப்பட்டது. தொழிலாளியின் மகள் அதே மலையில் நின்று கற்றது பயிற்சி எனப்படவில்லை.

மேலை நாட்டிலும் இவ்வகைக் கல்விக்கு மதிப்பு வந்தது பிற்காலத்திலேதான். முதல் உலகப்போர்க் காலத்தில் கப்பல் கட்டுவோரைப் பழக்கிய அமெரிக்கராகிய சார்ல்ஸ் அலன், கற்பவனை ஆயத்தப்படுத்துதல், செய்து காட்டுதல், செய்யவிடுதல், சோதித்தல் என நான்கு படிகளை வகுத்தார். இரண்டாம் போர்க் காலத்தில் அமெரிக்க அரசாங்கம் அதனையே தொழிற்சாலைகள் தோறும் பரப்பியது. போர் முடிந்தபின் அது ஆசிய நாடுகளையும் எட்டியது. தேயிலை நிரையில் நின்ற தாய் இந் நான்கையும் பெயர் சொல்லாமலே செய்து வந்தாள் என்பது மிகைப்பட்ட கூற்றன்று.

பெயர் இல்லாமையால் விளைந்தது சிறு நட்டமன்று. 1927-ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின்படி நாட்சம்பளம் ஆண், பெண், சிறுவர் என மூன்றாகப் பிரிக்கப்பட்டது. ஒருவர் எத்தனை ஆண்டு பழகியவர், எவ்வளவு தேர்ந்த கையினர் என்பதற்கு அதில் இடமில்லை. கொழுந்து பறித்துத் தொழிலைத் தாங்கிய பெண்ணுக்கு ஆணின் சம்பளத்திலும் குறைவு. தோட்டங்களில் இவ் வேற்றுமை நீங்க 1984 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. திறமையற்ற உழைப்பு என்னும் சொல், குறைந்த கூலிக்கு எளிதான நியாயமாக உதவியது.

ஆனால் அத் திறமை எங்கே இருந்தது என்பதை 1964-ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் காட்டிவிட்டது. இந்தியாவுக்கு அனுப்பப்பட்டோரில் ஒரு பகுதியினருக்கு வாழ்வளிக்கத் தமிழ்நாடு அரசு 1968-ல் நீலகிரியில் தேயிலைத் திட்டம் தொடங்கியது. கர்நாடகத்தின் சுள்ளியா, புத்தூர்ப் பகுதிகளில் றப்பர்த் தோட்டங்களில் வேறு பலர் குடியேற்றப்பட்டனர். நிலமும் வீடும் விட்டு வந்தவர்களிடம் அந்நாட்டரசுகள் கண்ட முதல் இக் கைப்பழக்கமே. இங்கே தேசியப் பெருந்தோட்ட முகாமைத்துவ நிறுவகம் 1979-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றிய பின்னர் தோட்டப் பயிற்சிக்கு வகுப்பறையும் சான்றிதழும் கிடைத்தன. எனினும் புதிதாக மலைக்கு வரும் பெண்ணை, முதல் நாளில் மூத்த பெண்ணொருத்தியின் பக்கத்து நிரையிலேயே நிறுத்துகிறார்கள்.