இருளர்: ஒரு பெயரின் கதை



நம் சென்னீர்குப்பம் அமைந்த திருவள்ளூர் மாவட்டத்தின் பழங்குடிகளில் ஒருவர் இருளர். பெயரின் வேர் 'இருள்' என்பார்கள். கருத்த நிறத்தால் வந்தது என்பர் சிலர். வெயில் புகாத காட்டில் வாழ்ந்ததால் என்பர் சிலர். வில்லால் வேட்டையாடியதால் 'வில்லியர்' என்ற பெயரும் உண்டு.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் 'இருளர்' என்ற பெயர்தான் உண்டு, 'வில்லியர்' இல்லை. சான்றிதழில் அந்தப் பெயர் இருந்தால்தான் பிள்ளைக்குக் கல்வி உதவித்தொகையும் இடஒதுக்கீடும் கிடைக்கும். புதுச்சேரியில் 2016 டிசம்பரில்தான் வில்லி, வேட்டைக்காரன் என்ற பெயர்களையும் உள்ளடக்கி இருளரைப் பட்டியலில் சேர்த்தார்கள்.

பெயரில் இருள் இருந்தாலும் அறிவில் இல்லை. மண்ணில் தடம் பார்த்தே பாம்பைக் கண்டுபிடிப்பார்கள். 1978இல் தொடங்கிய அவர்களது கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் நஞ்சிலிருந்து பாம்புக்கடி மருந்து தயாராகிறது. 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் பத்மஸ்ரீ பெற்றார்கள்.

என் மாணவர்களில் ஆசிரியர்களும் அலுவலர்களும் இருக்கிறீர்கள். உங்களிடம் ஓர் இருளர் பிள்ளை வந்தால், சான்றிதழ் வாங்க உடன் நில்லுங்கள். அந்தப் பெயரை யாரும் வசைச்சொல்லாக்க விடாதீர்கள்.