வெறும் ஃபிளாஷ்

படிமம் என்ற சொல்லை நம் வட்டத்தில் எழுதாதவர் கிடையாது. 'எழுத்து' 1959-ல் வெளிவரத் தொடங்கியது முதல் அந்தச் சொல்லைப் புழங்கிப் புழங்கி முனை மழுங்கச் செய்துவிட்டோம். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் ஒரு படம் எடுக்க என்ன செலவாகும் என்ற கேள்வி நம் விமர்சனத்தில் எழுந்ததில்லை. கவிதையில் அதற்குச் செலவில்லை என்பதால் இருக்கலாம். நம் பத்திரிகைகளின் அட்டைகளில் கோட்டோவியமே வந்ததற்கு எத்தனையோ அழகியல் காரணங்கள் சொல்லியிருக்கிறோம். ஹாஃப்டோன் பிளாக் போடப் பணமில்லை, லைன் பிளாக் மலிவு என்பது பாதிக் காரணம். அதை யாரும் எழுதவில்லை.

இப்போது எழுத நேர்ந்தது அண்ணன் பேரனால். விழுப்புரத்தில் கல்லூரியில் படிக்கிறான். கையில் இருக்கும் ஃபோனில் காசில்லாமல் ஆயிரம் படம் எடுக்கக்கூடியவன், பழைய ஃபிலிம் கேமரா ஒன்றைத் தேடி வாங்கியிருக்கிறான். 36 படம் உள்ள கலர் ரோல் ஆயிரம் ரூபாய்க்கு மேல். கழுவுவதற்குச் சென்னைக்குக் கூரியரில் அனுப்ப வேண்டும், அது தனிச் செலவு. கோடக் 2012-ல் திவால் மனு கொடுத்தது. ஃபிலிம் செய்யும் ஆலைகள் உலகத்திலேயே விரல்விட்டு எண்ணும்படி சுருங்கின. எஞ்சியவர்கள் விலையை ஏற்றுகிறார்கள். 2025 அக்டோபரில் வெள்ளி அவுன்ஸுக்கு 50 டாலரைத் தாண்டி 1980-ன் உச்சத்தை முறித்தது என்று செய்தி வந்தபோது, "இன்னும் ஏறும்டா" என்றேன். "வெள்ளிக்கும் ஃபிலிமுக்கும் என்ன தாத்தா சம்பந்தம்?" என்றான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். அவன் செலவு அவன் ஆசைப்பட்டுச் செய்வது. நான் சொல்ல வந்தது ஆசைப்படவே வழியில்லாதவர்களைப் பற்றி.

என் தாய்மாமா திண்டிவனத்தில் ஸ்டூடியோ வைத்திருந்தார். ஒரு யாஷிகா, இரண்டு விளக்கு, பின்னால் தொங்கும் திரையில் ஒரு மாடிப்படி. 120 ரோலில் சதுரப் படம் பன்னிரண்டு. இந்தப் பன்னிரண்டுதான் அவருடைய பொருளாதாரம், அழகியல், ஓரளவு அறவியலும்கூட. குழந்தைக்கு இரண்டு எடுப்பார், ஆடிவிடும் என்று. கல்யாண ஜோடிக்கு ஒன்று, வசதியானவர்கள் என்றால் இன்னொன்று. சாவு வீட்டில் பிணத்துக்கு ஒன்றுதான், அது ஆடாது. ரோல் முடிந்தால்தான் கழுவுவார். ஐந்தாவது படத்தில் இருக்கிறவர் மற்ற ஏழு பேர் ஊரிலிருந்து வந்து நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். "ரோல் இன்னும் முடியலீங்க" என்று அவர் சொல்லி அனுப்பிய வார்த்தையை என் பள்ளி நாட்களில் எத்தனை தரம் கேட்டிருப்பேன்.

தமிழனின் பழைய புகைப்படங்களில் உள்ள விறைப்பை, கண் கொட்டாத நேர்ப்பார்வையை, கோயில் மூர்த்தத்தின் மரபு என்று விளக்குகிறவர்கள் உண்டு. இருக்கட்டும். மாமா "அசையாதே, மூச்சைப் பிடி" என்று அதட்டியது ஆகமத்தைப் படித்து அல்ல. பன்னிரண்டில் ஒன்று வீணானால் அன்றைய லாபம் போயிற்று.

கல்யாணங்களில் ஒரு வித்தை நடக்கும். பேசியது ஒரு ரோலோ இரண்டு ரோலோதான். மேடைக்கு வருகிற கூட்டம் முந்நூறு. முக்கியமானவர்களுக்குப் படம், மற்றவர்களுக்கு வெறும் ஃபிளாஷ். கேமராவில் ஃபிலிம் நகராது, விளக்கு மட்டும் பளிச்சென்று அடிக்கும். நின்றவர்கள் திருப்தியோடு இறங்கிப் போவார்கள். யார் முக்கியம் என்று மாமாவுக்குக் காட்டிக்கொடுக்கப் பெண் வீட்டார் ஒருவர் பக்கத்தில் நிற்பார், கண் ஜாடைதான். காதில் கடுக்கன் இருந்தால் ஃபிலிம், தோளில் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றால் ஃபிளாஷ். இது மாமாவின் கண்டுபிடிப்பல்ல. அந்தக் காலத்து போட்டோக்காரர்கள் பலருக்கும் தெரிந்த தொழில் ரகசியம்.

இந்தக் கணக்கு தமிழ்நாட்டுக்குக் கேமரா வந்த காலத்திலேயே தொடங்கிவிட்டது. சென்னை ராஜதானியின் அரசாங்கப் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் 1857-58-ல் ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றி, மெழுகேற்றிய காகித நெகட்டிவ்களில் கோயில்களை எடுத்தார். அபாரமான படங்கள். மனிதர்கள் அநேகமாக இல்லை. அவ்வளவு நேரம் லென்ஸைத் திறந்துவைத்தால் கல்தான் அசையாமல் நிற்கும். 1859-ல் கவர்னராக வந்த சார்ல்ஸ் டிரெவெலியன், கலகத்துக்குப் பிந்தைய கஜானாவுக்கு இது தாங்காத ஆடம்பரம் என்று அந்த வேலையையே நிறுத்திவிட்டார். காசு இருந்த மட்டும் கோபுரம் எடுத்தார்கள், காசு தீர்ந்ததும் மூட்டை கட்டினார்கள். கோபுரத்தின் கீழே நடமாடியவர்களின் முறை வரவே இல்லை. பாரதி 1921 வரை வாழ்ந்தவர். அவருக்கே கிடைத்திருக்கும் படங்கள் கைவிரல்களுக்குள் அடங்கும். அவருக்கு நெல் அளந்த கடைக்காரருக்கு எங்கே போவது?

ஃபிலிம் என்பது என்ன? ஒரு தாங்குதாள், அதன் மேல் மாட்டெலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுத்த ஜெலட்டின், அதற்குள் வெள்ளியின் உப்பு. (அமாவாசைதோறும் தாத்தா படத்துக்கு மாலை போடும் சைவ வீடுகள் இந்த ஜெலட்டினை யோசித்துப் பார்த்ததில்லை.) ஒளி பட்ட இடத்தில் உப்பு கறுத்த வெள்ளியாகி நெகட்டிவிலேயே தங்கும். படாத இடத்தில் இருப்பது ஹைப்போவில் கரைந்து போகும். ஆக, வெள்ளை வேட்டி நெகட்டிவில் கனத்த வெள்ளி. கறுத்த தோல் மெல்லிய புகை. வெயிலில் வேலை செய்கிறவனுடைய முகத்தின் பெரும்பங்கு ஹைப்போத் தொட்டிக்குப் போயிற்று என்று சொன்னால் அது உருவகம் இல்லை, ரசாயனம்.

இந்த வெள்ளியும் ரோலும் கடல் கடந்து வரவேண்டியிருந்தது. அந்நியச் செலாவணி நெருக்கடிக்குப் பிறகு இறக்குமதிக் கெடுபிடி வேறு. அதற்குப் பதிலாக வந்ததுதான் உதகமண்டலத்தின் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ். 1960-ல் தோன்றிய மத்திய அரசு நிறுவனம், பிரெஞ்சு நாட்டு போஷே கம்பெனியின் தொழில்நுட்பம், தூசியில்லாத மலைக்காற்று, 1967-ல் உற்பத்தி. ரோலுக்குப் பெயர் 'இந்து'. மதமல்ல, நிலவு. மாமா முதல் இந்து ரோலை ஊதுவத்தி காட்டிக் கேமராவில் போட்டதாக அம்மா சொல்வாள். அவர் பிறகு அதன் சுபாவத்தைப் பற்றிக் குறைப்பட்டதும் உண்டு, ஆனால் கிடைத்தது என்பது பெரிய விஷயம். பாஸ்போர்ட் சைஸும் பள்ளிக்கூடத்து குரூப் போட்டோவும் சிற்றூர்களில் பரவியதில் அந்த மலை ஆலைக்குப் பங்கு உண்டு. இதே காலத்தில் சினிமாவில் ஈஸ்ட்மென் கலருக்குத் திண்டாட்டம் வந்து, கிழக்கு ஜெர்மனியின் ஆர்வோ கலரில் படங்கள் வந்தன. அந்த நிறங்களைக் கேலி செய்தவர்கள் அதன் பின்னால் இருந்த ரூபாய் வர்த்தகத்தை அறியவில்லை.

பிறகு வெள்ளி ஏறியது. டெக்சாஸின் எண்ணெய்ப் பணக்காரர்களான ஹன்ட் சகோதரர்கள் உலகத்து வெள்ளியை வளைத்துப் பிடிக்க முயன்றார்கள். 1979 தொடக்கத்தில் அவுன்ஸ் 6 டாலர் அளவில் இருந்தது, 1980 ஜனவரியில் 50-ஐ நெருங்கியது. மார்ச் 27 அன்று 11-க்கும் கீழே சரிந்து அவர்கள் ஆட்டம் முடிந்தது. இதை அமெரிக்கச் சூதாட்டக் கதையாகத்தான் உலகம் நினைவு வைத்திருக்கிறது. கோடக் போன்ற கம்பெனிகள் ஃபிலிமும் காகிதமும் விலை ஏற்றியது இரண்டாம் பக்கச் செய்தி. மூன்றாம் பக்கத்துக்கும் வராத செய்தி எங்கள் ஊரில் நடந்தது.

புது ரோல் விலை ஏறினால் படம் குறையும். இது யாருக்கும் புரியும். எடுத்து முடித்த படங்களும் அதே விலையால் அழியும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஹைப்போத் தண்ணீர் வாங்க முன்பே ஆள் வருவதுண்டு. அந்த வருஷம் விழுப்புரத்திலிருந்து வெள்ளி உருக்குகிற ஒருவர் நெகட்டிவ்களையே எடை போட்டுக் கேட்டார். மாமாவிடம் இருபத்தைந்து வருஷத்து நெகட்டிவ் பழைய பிஸ்கட் டின்களில் இருந்தது. வாடகை மூன்று மாதம் பாக்கி. கொடுத்துவிட்டார். அவருக்கு முந்தியவர்கள் விட்டுப்போன கண்ணாடிப் பிளேட்டுகளும் இருந்தன. அவற்றை வெந்நீரில் போட்டுச் சுரண்டிக் கண்ணாடியைச் சட்டம் போடுகிறவரிடம் விற்றார். திண்டிவனத்து வீடுகளில் முருகனுக்கும் லட்சுமிக்கும் முன்னால் இருக்கும் சில கண்ணாடிகளில் ஒரு காலத்தில் யாரோ இருந்தார்கள்.

என் தங்கை நாலு வயதில் இறந்தாள். அவளுடைய ஒரே படத்தைக் கரையான் தின்றபோது, நெகட்டிவ் தம்பியிடம் இருக்கிறதே என்று அம்மா தைரியமாகத் திண்டிவனம் போனாள். "அது போயிடுச்சிக்கா" என்றார் மாமா. அதற்கு மேல் இருவரும் பேசவில்லை என்று கூடப் போன எனக்குத் தெரியும். படத்தில் அவள் வெள்ளைக் கவுன் போட்டிருந்தாள். உருக்கியவருக்கு அவள் முகத்தைவிடக் கவுனில்தான் வெள்ளி கூடுதலாகக் கிடைத்திருக்கும்.

புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு, 1880 முதல் 1980 வரையான தமிழ்நாட்டு ஸ்டூடியோப் படங்களைத் தேடி எண்மப்படுத்தியிருக்கிறது. பெரிய காரியம். ஆனால் அந்தத் தொகுதியைப் பார்க்கிற ஆய்வாளர், தமிழர்கள் இப்படித்தான் இருந்தார்கள் என்று எழுதும்போது ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். அது படம் எடுக்க வசதி இருந்தவர்களின் தொகுதி; அதிலும் வெள்ளி விலைக்குத் தப்பியவர்களின் தொகுதி. உதகை ஆலையோ 1990-களில் நலிந்த தொழிலாக அறிவிக்கப்பட்டுப் பிறகு மூடியே போயிற்று.

எங்கள் பக்கத்து ஏழைகள் எல்லோருக்கும் முகம் கிடைத்தது அரசாங்கச் செலவில். 1993-ல் தென்னாற்காட்டைப் பிரித்து விழுப்புரம் மாவட்டம் அமைத்தார்கள். டி. என். சேஷனின் தேர்தல் கமிஷன் வாக்காளர் அடையாள அட்டைக்கு ஆணையிட்டதும் அதே வருஷம். அடுத்த சில ஆண்டுகளில் கிராமம் கிராமமாக முகாம் நடந்தது. வாத்தியார் என்பதால் எனக்கும் ஒரு முகாமில் டூட்டி. பெயரைச் சரிபார்த்துப் பெஞ்சில் உட்கார வைக்க வேண்டும். காலனியிலிருந்து வந்த ஒரு கிழவி மட்டும் பயப்படாமல் நேராக உட்கார்ந்தாள். "முன்ன எடுத்திருக்கியா பாட்டி?" என்று கேட்டேன். "எடுத்திருக்காங்க சாமி, ரெட்டியார் வூட்டுக் கல்யாணத்துல. திண்டிவனத்து போட்டோக்காரரு. கண்ணு கூசற மாதிரி வெளிச்சம் அடிச்சாரு. அந்தப் படம் அவங்க வூட்ல இருக்கும்" என்றாள்.

அந்தக் கல்யாணத்துக்கு மாமாவின் பையைத் தூக்கிக்கொண்டு நானும் போயிருந்தேன். "இருக்கும் பாட்டி, நிமிர்ந்து உட்காரு" என்றேன்.