கடைசி பெஞ்ச் – 9: ஓஸ்ட்ராவாவின் கணக்கு

சென்ற வாரம் ஓஸ்ட்ராவாவில் நிறுத்தியிருந்தோம். செக் குடியரசின் வடகிழக்கு மூலையில், போலந்து எல்லையை ஒட்டிய ஊர். நிலக்கரியும் இரும்பாலையும் வளர்த்த ஊர். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அங்கே வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. ஸ்லோவாக்கியாவின் கிராமங்களிலிருந்து ரோமா குடும்பங்கள் வந்து குடியேறின. அதற்கு முன் செக் மண்ணில் இருந்த ரோமா மக்களில் மிகப் பெரும்பாலோரை நாஜிகள் கொன்று முடித்திருந்தார்கள். வட இந்திய மொழிகளோடு உறவுள்ள மொழி ரோமா மக்களுடையது. பல நூறு ஆண்டுகள் ஐரோப்பாவில் வாழ்ந்தும் அந்நியராகவே நடத்தப்பட்ட சனம்.

குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் 1990களில் பள்ளிக்கூட வயதுக்கு வந்தார்கள். கம்யூனிச ஆட்சி 1989இல் விழுந்துவிட்டது. நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரத் தயாராகிக்கொண்டிருந்தது. புதிய சட்டங்கள், புதிய உரிமைகள். ஓஸ்ட்ராவாவின் ஆறு வயது ரோமாக் குழந்தை மட்டும் எந்தப் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போனது?

பெரும்பாலும் ‘சிறப்புப் பள்ளி’க்கு. பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம். மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கென்று ஏற்பட்ட பள்ளிகள் அவை. பாடத்திட்டம் சுருக்கப்பட்டது. அங்கே படித்து முடித்த பிள்ளைக்குப் பொது மேல்நிலைப் பள்ளியின் வாசலைச் சட்டமே அடைத்து வைத்திருந்தது. 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வந்த திருத்தம்தான் அதைத் திறந்தது. ஆறு வயதில் எடுக்கும் ஒரு முடிவு, அறுபது வயது வரை அந்தப் பிள்ளை என்ன வேலை செய்யும் என்பதைத் தீர்மானித்துவிடும்.

முடிவு எடுத்த விதத்தைப் பாருங்கள். உளவியல் மையம் ஒன்று குழந்தைக்கு அறிவுத்திறன் சோதனை நடத்தும். அதன் பரிந்துரைப்படி சிறப்புப் பள்ளியின் தலைமை ஆசிரியர் சேர்க்கை ஆணை பிறப்பிப்பார். பெற்றோரின் சம்மதம் கட்டாயம். சட்டத்தின் எந்த வரியிலும் ‘ரோமா’ என்ற சொல் கிடையாது. காகிதத்தில் எல்லாம் சுத்தம்.

அந்தச் சம்மதத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும், ஏனென்றால் பின்னால் எழுந்த வழக்கின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது. பல குடும்பங்களிடம் நீட்டப்பட்டது முன்கூட்டியே நிரப்பிய படிவம். வேறு வழி என்ன இருக்கிறது, இந்தப் பள்ளியின் பாடம் மற்ற பள்ளியின் பாடத்திலிருந்து எப்படி வேறுபடும், இங்கே சேர்ந்தால் பிற்பாடு எந்தக் கதவுகள் மூடும் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. தாயோ தகப்பனோ கையெழுத்துப் போட்டார்கள். சில பெற்றோர் தாங்களாகவே கேட்டுச் சேர்த்ததும் உண்மை. அக்காவும் அண்ணனும் அங்கே படிக்கிறார்கள். சாதாரணப் பள்ளியில் போட்டால் வகுப்பே ஒதுக்கி வைக்கும், கேலி பேசும். இங்கேயாவது குழந்தை அழாமல் இருக்கும். இப்படி நினைத்த தாயைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவமானம் ஒருபுறம், அரைகுறைப் படிப்பு மறுபுறம் என்று இரண்டை மட்டும் முன்னால் வைத்துவிட்டு, ‘நீயேதான் தேர்ந்தெடுத்தாய்’ என்று ஓர் அரசு சொல்வது நியாயமே அல்ல.

1996இல் புடாபெஸ்ட் நகரில் ‘ஐரோப்பிய ரோமா உரிமைகள் மையம்’ தொடங்கப்பட்டிருந்தது. அதன் ஆட்கள் ஓஸ்ட்ராவாவுக்கு வந்தார்கள். ரோமாப் பிள்ளைகள் ஒதுக்கப்படுகிறார்கள் என்பது ஊரறிந்த விஷயம். ஆனால் ஊரறிந்தது நீதிமன்றத்தில் செல்லாது. இனவாரியான பள்ளிக் கணக்கு எந்த அரசு அலுவலகத்திலும் இல்லை. நாஜிக் காலத்தில் பட்டியலில் பெயர் ஏறியவர்கள் முகாமுக்குப் போய்ச் சேர்ந்த வரலாறு உள்ள மக்கள், இன்னொரு பட்டியல் என்றாலே அஞ்சுவார்கள். ஆக, அநியாயம் நடக்கிறது. அதை அளக்க ஓர் எண் கிடையாது.

அந்த எண்ணை உண்டாக்கினார்கள். 1999இல் ஓஸ்ட்ராவாவின் 8 சிறப்புப் பள்ளிகளுக்கும் 69 ஆரம்பப் பள்ளிகளுக்கும் கேள்வித்தாள் போனது. தலைமை ஆசிரியர்களே விடை எழுதி அனுப்பினார்கள். கூட்டிப் பார்த்தபோது வந்த கணக்கு இது:

சிறப்புப் பள்ளிகளில் இருந்த பிள்ளைகள் 1,360 பேர். அவர்களில் ரோமாக்கள் 762 பேர், 56 விழுக்காடு. சாதாரண ஆரம்பப் பள்ளிகளில் படித்த 33,372 பேரில் ரோமாக்கள் 2.26 விழுக்காடுதான். ரோமா அல்லாத பிள்ளைகளில் சிறப்புப் பள்ளிக்குப் போனவர்கள் 1.8 விழுக்காடு, ரோமாப் பிள்ளைகளில் 50.3 விழுக்காடு.

ஒரு நகரத்தில் ஓர் இனத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் மனவளர்ச்சி குன்றியவர்களாகப் பிறப்பார்களா? இந்த ஒரு கேள்வியைத் தூக்கிக்கொண்டுதான் பதினெட்டுப் பிள்ளைகளின் குடும்பங்கள் சட்டத்தின் படியேறின. 1985க்கும் 1991க்கும் இடையில் பிறந்த பிள்ளைகள். 1996க்கும் 1999க்கும் இடையில் சிறப்புப் பள்ளியில் போடப்பட்டவர்கள்.

1999 ஜூன் 15. ஒரே நாளில் இரண்டு மனுக்கள். பதினான்கு பிள்ளைகளின் சேர்க்கையை மறுபரிசீலனை செய்யும்படி ஓஸ்ட்ராவா கல்வித் துறைக்கு ஒன்று. பன்னிரண்டு பிள்ளைகளின் சார்பில் அரசியல் சாசன நீதிமன்றத்துக்கு ஒன்று. செப்டம்பரில் கல்வித் துறை பதில் சொன்னது: எல்லாம் விதிப்படியே நடந்திருக்கிறது. அக்டோபர் 20 அன்று நீதிமன்றமும் மனுவைத் தள்ளியது. சமுதாயத்தின் ஒட்டுமொத்த நிலையை எடைபோடுவது தன் வேலையல்ல என்றது.

உள்நாட்டுக் கதவுகள் மூடின. 2000 ஏப்ரல் 18 அன்று வழக்கு பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகருக்கு, மனித உரிமைகளுக்கான ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போனது. பிள்ளைகளின் பக்கம் நின்றவர்கள் மூவர். அமெரிக்க வழக்கறிஞர் ஜேம்ஸ் கோல்ட்ஸ்டன், செக் வழக்கறிஞர் டேவிட் ஸ்ட்ருபெக், பிரிட்டனின் இனச் சமத்துவச் சட்டங்களுக்கு உழைத்த ஆண்டனி லெஸ்டர். அவர்கள் கையில் எடுத்த கருத்து ‘மறைமுகப் பாகுபாடு’. விதி எல்லாருக்கும் பொதுவாகவே எழுதப்பட்டிருக்கலாம். எழுதியவர் மனத்தில் வெறுப்பு இல்லாமலும் இருக்கலாம். அதன் பலன் ஒரு கூட்டத்தின் தலையில் மட்டும் விழுகிறதென்றால் அது பாகுபாடுதான். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1971லேயே ஒரு வேலைவாய்ப்பு வழக்கில் இதை ஏற்றிருந்தது. ஸ்ட்ராஸ்பர்க் அதுவரை அவ்வளவு தூரம் வந்ததில்லை. புள்ளிவிவரம் மட்டும் பாகுபாட்டுக்குச் சான்றாகாது என்பதே அதன் பழைய நிலை.

ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் ஓடின. மூத்த பிள்ளைகள் இருபதைத் தொட்டுவிட்டார்கள். நீதிக்காகக் காத்திருந்த காலத்திலேயே அவர்களுடைய பள்ளிப் பருவம் முடிந்துபோனது. இதை எழுதும்போது நெஞ்சு கனக்கிறது.

2006 பிப்ரவரி 7. ஏழு நீதிபதிகள். தீர்ப்பு: பாகுபாடு இல்லை. ஆதரவாக ஆறு பேர், எதிராக ஒருவர். புள்ளிவிவரங்கள் கவலைக்குரியவை என்று தீர்ப்பே ஒப்புக்கொண்டது. ஆனால் விதிகள் எந்த இனத்தையும் குறிவைக்கவில்லை, சோதனை நடத்தியவர்கள் நிபுணர்கள், பெற்றோர் கையெழுத்திட்டார்கள், அப்போதே மேல்முறையீடும் செய்யவில்லை என்று அடுக்கிவிட்டு வழக்கை முடித்தது. முன்நிரப்பிய அந்தப் படிவம் ஜெயித்துவிட்டது.

அந்த ஏழாவது நீதிபதி போர்ச்சுகலைச் சேர்ந்த கப்ரால் பாரெட்டோ. தன் மாறுபட்ட தீர்ப்பில் அவர் ஒரு காகிதத்தை வெளியே எடுத்தார். 1999 ஏப்ரல் 1 அன்று, குடும்பங்கள் மனுப் போடுவதற்கு இரண்டரை மாதம் முன்பே, செக் அரசு ஐரோப்பிய கவுன்சிலுக்கு அனுப்பிய சிறுபான்மையினர் அறிக்கை அது. சராசரி அறிவும் அதற்கு மேலும் உள்ள ரோமாப் பிள்ளைகள்கூடப் பல நேரம் சிறப்புப் பள்ளிகளில் போடப்படுகிறார்கள், சோதனைகள் பெரும்பான்மை மக்களை மனத்தில் வைத்து ஆக்கப்பட்டவை, சில சிறப்புப் பள்ளிகளில் 80 முதல் 90 விழுக்காடு பிள்ளைகள் ரோமாக்கள் என்று அரசே அதில் எழுதியிருந்தது. அரசு தன் வாயால் சொன்னதற்கு மேல் என்ன சான்று வேண்டும் என்பது அவருடைய வாதம்.

என் கணிப்பில், அந்த ஒற்றை நீதிபதியின் பக்கங்கள்தான் இந்த வழக்கின் மிக நேர்மையான பக்கங்கள். ஆனால் ஆறுக்கு ஒன்று என்பது தோல்விதான். மிச்சமிருந்தது ஒரே வழி: பதினேழு நீதிபதிகள் கொண்ட பேரமர்வு. அங்கே போக மூன்று மாதம்தான் அவகாசம். கேட்பவர்களுக்கெல்லாம் அது கிடைக்காது. ஐந்து நீதிபதிகள் கொண்ட குழு ஒன்று மனுவைப் பார்க்கும், பெரும்பாலானவற்றைத் திருப்பிவிடும்.

பிப்ரவரி போனது, மார்ச் போனது, ஏப்ரலும் போனது. 2006 மே 5 அன்று, கெடு முடிய இரண்டே நாள் இருக்கையில், பதினெட்டுப் பேரின் மனு அந்த ஐவரின் மேசைக்குப் போய்ச் சேர்ந்தது.

(அடுத்த வாரம்: ஐவர் சொன்ன பதில்)