பயனர் இல்லாத புராஜெக்ட்: தருமபுரியிலிருந்து ஒரு பாடத்திட்டப் பத்தியை வாசித்தல்

மாவட்டப் பொறியியல் கல்லூரிகளில் படித்தவர்கள் மென்பொருள் துறைக்குள் நுழையத் திணறுவது ஏன் என்ற கேள்விக்கு, இதுவரையான ஆய்வுகளில் ஒரு போக்கு மாணவரிடமே காரணம் தேடி வந்திருக்கிறது. ஆங்கிலம் போதவில்லை, அடிப்படை உறுதியாக இல்லை, இறுதியாண்டுப் புராஜெக்டைக்கூடக் காசு கொடுத்து வாங்கிவிடுகிறார்கள் என்பன அது சொல்லும் காரணங்கள். இவற்றுள் மூன்றாவதை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். புராஜெக்ட் சென்டர்களில் ஆயத்த நிரலும் அறிக்கையும் விற்பனையாவது எவரும் அறிந்தது. அதை மாணவரின் நேர்மைக் குறைவாக வாசிப்பதைத்தான் மறுக்கிறேன். புராஜெக்ட் விலைக்குக் கிடைக்கும் பொருளானதற்குப் பாடத்திட்டமே வழிவிட்டிருக்கிறது.

இதற்கான சான்று அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில், கணினி அறிவியல் இளநிலைப் படிப்பின் எட்டாம் பருவப் புராஜெக்ட் பாடத்துக்குரிய பகுதி. வாரத்துக்கு 20 பாடவேளை, 10 கிரெடிட் பெறும் பாடம் இது. செட்டிக்கரையில் 2013இல் தொடங்கப்பட்ட தருமபுரி அரசு பொறியியல் கல்லூரி போன்ற இணைப்புக் கல்லூரிகளை இத்தகைய பகுதிகளே நெறிப்படுத்துகின்றன. நான்காண்டுப் படிப்பில் மாணவர் முழுமையாக ஒன்றைக் கட்டியெழுப்பும் வாய்ப்பு இங்கேதான் வருகிறது. ஆனால் அதை வரையறுக்க ஒரு சிறு பத்தியே செலவிடப்பட்டுள்ளது.

முந்தைய ஆய்வாளர்கள் இப்பகுதியின் முடிவிலுள்ள கற்றல் விளைவை ஆதாரமாகக் கொள்கின்றனர். சவாலான நடைமுறைச் சிக்கல்களுக்கு உரிய முறையியலோடு தீர்வு காணும் திறனை மாணவர் பெறுவார் என்பது அதன் சாரம். நோக்கம் இவ்வளவு தெளிவாக இருக்கையில் பிறழ்ந்தவர் மாணவரே என்று அவர்கள் முடிவுகட்டுகின்றனர். அந்த வாசகம் நோக்கத்தைத்தான் சொல்கிறது. என்ன செய்யப்படும், எதற்கு மதிப்பெண் என்பவற்றை அதற்கு முன்னுள்ள விளக்கப் பத்தி தீர்மானிக்கிறது. அதை நிதானமாக வாசிக்க வேண்டும்.

அப்பத்தியில் யார் யார் வருகிறார்கள்? மூன்று நான்கு பேர் கொண்ட மாணவர் குழு, வழிகாட்டும் ஆசிரியர், தலைப்பை ஏற்கும் துறைத்தலைவர், மறுஆய்வுக் குழு, அகத் தேர்வர், புறத் தேர்வர். செய்யப்படும் மென்பொருளைப் பயன்படுத்தப்போகிறவர் எங்கும் இல்லை. எது ஒப்படைக்கப்படுகிறது? விரிவான அறிக்கை. எது மதிப்பிடப்படுகிறது? குறைந்தது மூன்று ரெவ்யூக்கள், வாய்மொழி விளக்கம், அறிக்கை. நிரல் தனியே மதிப்பிடப்படும் என்றோ, அது எங்கேனும் இயங்க வேண்டும் என்றோ விதி இல்லை. எப்போது முடிகிறது? பருவம் முடியும்போது. அதன்பின் அந்த மென்பொருளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்க எவருக்கும் பொறுப்பில்லை.

இப்படி வாசித்தால் புராஜெக்ட் சென்டரின் இடம் வேறாகத் தெரிகிறது. பத்தி கோரும் ஒவ்வொன்றையும் அது வழங்க முடியும்: தலைப்பு, அறிக்கை, திரைக்காட்சிப் படங்கள், வைவாவுக்கான கேள்வி பதில் பயிற்சி. அது வழங்க முடியாதவை எவையோ அவை பத்தியில் கேட்கப்படவே இல்லை. ஒரு பயனரின் புகார், அதற்காகத் திருத்திய பிழை, நிரலில் செய்த மாற்றங்களை ஒவ்வொன்றாகப் பதிந்து மாதக்கணக்கில் நீளும் கமிட் வரலாறு ஆகியவையே அவை.

வேலைச் சந்தையைக் குறிகாட்டிகளின் களமாக விளக்கிய மைக்கேல் ஸ்பென்ஸின் 1973ஆம் ஆண்டுக் கட்டுரை இங்கே உதவும். திறனுள்ளவருக்கு எளிதாகவும் அற்றவருக்குக் கடினமாகவும் இருந்தால்தான் ஒரு குறிகாட்டி இருவரையும் பிரித்துக் காட்டும். விலைக்குக் கிடைக்கும் அறிக்கை இருவருக்கும் ஒரே விலை. எனவே அது எதையும் காட்டுவதில்லை. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின் நிரல் எழுதும் செலவும் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஓராண்டு பிறர் பயன்படுத்திய மென்பொருளைப் பராமரித்த வரலாற்றை ஒரே இரவில் உருவாக்கிவிடுவது இன்றும் எளிதல்ல.

ஆயினும் புராஜெக்டை வெறும் குறிகாட்டியாகப் பார்ப்பது பாதி உண்மையே. கற்றல் பற்றி ஆய்ந்த லேவ், வெங்கர் இருவரும் 1991இல் காட்டியதுபோல், தொழில் செய்வோர் குழுவின் ஓரத்தில் சிறு பொறுப்பேற்று உள்நகர்வதே தொழில் கற்கும் வழி. ஜோஹோ நிறுவனம் 2000களின் நடுப்பகுதி முதல் நடத்தும் பள்ளி இதற்கு நெருங்கிய சான்று. பட்டமில்லாமல், பன்னிரண்டாம் வகுப்போ டிப்ளமோவோ முடித்தவர்கள் உதவித்தொகையுடன் பயின்று, பின் நிறுவனத்தின் நிஜமான தயாரிப்புக் குழுக்களில் பணிபுரிகின்றனர். இதை மிகைப்படுத்தக் கூடாது. அவர்கள் தேர்வு வைத்து எடுக்கப்பட்டவர்கள். வேலை தருவதும் அதே நிறுவனம். ஆகவே வெளிச்சந்தை பற்றி இது நேரடியாக எதையும் நிறுவாது. ஆனால் உயிருள்ள நிரலோடு பழகி, பட்டமில்லாமலும் ஒருவர் தொழிலுக்குள் வர இயலும் என்பதை இது காட்டுகிறது.

நிறுவனத்துக்கு வெளியிலும் வழி உண்டு. முத்து அண்ணாமலை தொடங்கிய ஓப்பன்-தமிழ் பைத்தான் நிரலகம் திறந்த மூலத்தில் பலர் பங்களிக்க வளர்ந்தது. பிறர் எழுதிய நிரலை வாசித்து, பிழை கண்டு, திருத்தம் அனுப்பி, அது மறுக்கப்பட்டால் மீண்டும் எழுதும் பயிற்சி அங்கே இலவசம். செட்டிக்கரை மாணவருக்கும் சென்னை மாணவருக்கும் அந்த வாசல் ஒன்றே.

ஏழை மாணவரால் ஊதியமின்றி உழைக்க முடியுமா என்பர். வாரம் 20 பாடவேளை ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருக்கிறது. புதிதாக நேரம் கேட்கவில்லை. 2021 ஒழுங்குமுறை இன்டர்ன்ஷிப்பையும் ஏற்கிறதே என்பர். இன்டர்ன்ஷிப் தரும் நிறுவனங்கள் அருகிலிருக்கும் கல்லூரிக்கே அது முதலில் பயன்படும். தருமபுரியிலிருந்து பெங்களூரு சுமார் 130 கிலோமீட்டர்.

பயனர்களோ மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். தருமபுரிப் பட்டுக்கூடு அங்காடியில் நாள்தோறும் விலை மாறுகிறது. பாலக்கோட்டுத் தக்காளி விவசாயிக்கு மறுநாள் வரத்து தெரிய வேண்டும். ஃபுளோரைடு பாதிப்பால் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தேவைப்பட்ட ஊர்களில் நீர்த்தரப் பதிவு தொடர வேண்டும். இவற்றுள் ஒன்றுக்குச் செயலி எழுதும் குழு, சிக்னல் இல்லாத இடத்தில் தரவைச் சேமிக்கவும், தவறாகப் பதிந்த விலையைச் சுவடு அழியாமல் திருத்தவும், தமிழில் தேடவும் வழி கண்டாக வேண்டும். நேர்முகத் தேர்வில் பேச அவர்களிடம் அப்போது சொந்த அனுபவம் இருக்கும்.

2011 கணக்கெடுப்பில் மாநிலத்திலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் இது. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகளின் திறனைச் சந்தேகிக்கும் முன் நாம் அவர்களிடம் கேட்டதையே சந்தேகிக்க வேண்டும். பாடத்திட்டக் குழுவினருக்கு என் வேண்டுகோள் நான்கு வரிகளில் அடங்கும். ஏற்கெனவே ஒதுக்கிய நேரத்தைப் பங்கிட்டு, புராஜெக்டை ஐந்தாம் பருவத்திலேயே தொடங்குங்கள். கல்லூரிக்கு வெளியே ஒரு பயனரையேனும் கட்டாயமாக்குங்கள். கமிட் வரலாற்றுக்கு அறிக்கைக்கு இணையான மதிப்பெண் கொடுங்கள். முந்தைய குழுவின் நிரலை அடுத்த குழு ஏற்று நடத்தட்டும்.